பல்லிற் கம்பியும் காந்தப் படமும்

காந்தத்தை இரும்பின் அருகே கொண்டுசென்றால் இரும்பு தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். பள்ளிப் பருவத்தில் மணலில் காந்தத்தைப் புரட்டி இரும்புத் துகள் திரட்டி விளையாடாதவர் நம்முள் சிலரே. அந்த விளையாட்டுச் செய்திதான் இன்று மருத்துவமனை வாயிலில் ஒரு பெரிய கேள்வியாக வந்து நிற்கிறது. பல்வரிசையைச் சீராக்குவதற்காக வாயில் உலோகக் கம்பி கட்டிக்கொண்டவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று யாவரும் வழங்கும் காந்தப் படத்தை எடுத்துக்கொள்ளலாமா? எடுத்தால் கம்பி பிடுங்கிக்கொண்டு வருமா? வாய் வெந்துபோகுமா? அல்லது அச்சத்துக்கே இடமில்லையா? இவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

இக்கேள்வி உலகில் எவர்க்கும் பொதுவானது. ஆயினும் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு, அவர்களுள்ளும் கேரளத்தின் எல்லைப் பகுதிகளில் வாழ்வோர்க்கு, இதில் தனியான ஒரு தொல்லை உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபொழுது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடும் கேரளத்தைச் சேர்ந்தது. கோடு வரைந்தவர்கள் வரைந்துவிட்டார்கள். வாழ்க்கை கோட்டுக்குள் அடங்கவில்லை. வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் இருப்போர் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் பொள்ளாச்சியையும் கோவையையும் நாடுகின்றனர். மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, குமுளி முதலிய மலையூர்களில் இருப்போர் போடிக்கும் தேனிக்கும் மதுரைக்கும் இறங்குகின்றனர். வேறு சமயங்களில் அடிமாலிக்கும் கோட்டயத்துக்கும் செல்கின்றனர். ஒரு மருத்துவம் ஓரூரில் தொடங்கும். மற்றொன்று வேறு மாநிலத்தில் நடக்கும். இரண்டு மருத்துவரும் ஒருவரையொருவர் கண்டிரார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தேவிகுளத்துக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்தில் வாழும் ஒரு தாய். கொழுந்து பறித்து மகளைப் படிக்கவைக்கிறாள். மகளுக்குப் பதினாறு வயது. முன்பற்கள் எடுப்பாக இருந்தமையால், அடிமாலியில் ஒரு பல் மருத்துவரிடம் தவணை முறையில் பணம் கட்டிக் கம்பி போட்டிருக்கிறார்கள். சில மாதங்களாகப் பெண்ணுக்குத் தீராத தலைவலி. மருத்துவர் தலைக்குக் காந்தப் படம் எடுக்கச் சொல்கிறார். தேனியில் உறவினர் இருப்பதால் அங்கே செல்வதென முடிவாகிறது. ஒரு நாள் கூலியை இழந்து, விடியற்காலைப் பேருந்தில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கீழே இறங்குகிறார்கள். படம் எடுக்கும் இடத்தில், “வாயில் என்ன?” என்ற கேள்வி அப்பொழுதுதான் எழுகிறது.

அதன்பின் நிகழக்கூடியவை மூன்று. “கம்பியைக் கழற்றிக்கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிடலாம். கழற்ற வேண்டியவரோ மலைக்கு மறுபக்கம் இருக்கிறார். யாரும் கேட்காமலே படம் எடுத்துவிடலாம். பணம் செலவான பின்பு, பார்க்க வேண்டிய இடம் படத்தில் தெளிவாக இல்லை என்று தெரியவரலாம். மூன்றாவது, இவை யாவற்றினும் தீயது: அச்சமும் அவசரமும் கொண்ட உறவினர் எவரேனும் ஒரு குறட்டைக் கொண்டு கம்பியைப் பிடுங்க முயலலாம். இம்மூன்றையும் தவிர்ப்பதற்கு வேண்டியது பெரிய செல்வமன்று. முன்கூட்டிய ஒரு சொல்லும், சிறிது அறிவும் போதும். அவ்வறிவையே இனிக் காண்போம்.

முதலில் அந்த இயந்திரத்தின் தன்மையை அறிய வேண்டும். அதைப் பார்த்தவர்கள் ஒரு பெரிய குழாயைப் போன்ற அமைப்பு என்பார்கள். அந்தக் குழாயைச் சூழ்ந்திருப்பது ஒரு மாபெரும் காந்தம். காந்தத்தின் ஆற்றலை டெஸ்லா என்னும் அளவால் குறிப்பர். நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் உள்ளவை 1.5 டெஸ்லா ஆற்றலுடையவை. 3 டெஸ்லா உடையவையும் உண்டு. திசைகாட்டியின் முள்ளை வடக்கு நோக்கித் திருப்புகின்ற பூமியின் காந்தப் புலத்தோடு ஒப்பிட்டால், 1.5 டெஸ்லா என்பது ஏறத்தாழ 30,000 மடங்கு. 3 டெஸ்லா அதைப்போல் இரட்டிப்பு. இந்தக் காந்தத்தின் கம்பிச் சுருள்கள், ஏறத்தாழ 269 பாகை செல்சியஸ் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டு, மின்தடையின்றி இயங்குகின்றன. ஆதலின் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். படம் எடுக்காத வேளையிலும், மின்சாரம் நின்றுபோன வேளையிலும், அந்தக் காந்தம் ஓய்வதில்லை. இரவும் பகலும் அது காந்தமே.

நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நுண்ணிய காந்த முட்களைப் போல நடந்துகொள்கின்றன. பெருங்காந்தத்தின் நடுவே அவை ஓர் ஒழுங்கில் அமைகின்றன. அவ்வேளையில் வானொலி அலை ஒன்றை உடலுக்குள் செலுத்தினால் அவை அசைவுற்று, அலை நின்றதும் தாமே ஒரு மெல்லிய அலையைத் திருப்பி அனுப்புகின்றன. 1.5 டெஸ்லாவில் அந்த அலை 64 மெகாஹெர்ட்சு அளவினது. 3 டெஸ்லாவில் 128 மெகாஹெர்ட்சு. பண்பலை வானொலி 88 முதல் 108 வரையில் ஒலிபரப்பாகிறது அன்றோ? ஆகவே நாம் பேசுகின்ற இந்தக் குரலை உங்கள் வீட்டுக்குச் சுமந்து வருகிற அலைகளும், நோயாளியின் உடலுக்குள் சென்று மீளும் அலைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. எக்ஸ்ரே கதிர்களுக்குரிய கெடுதல் இவற்றில் இல்லை.

1946ஆம் ஆண்டில் ஃபீலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் என்னும் இரு பௌதிக அறிஞர்கள் அமெரிக்காவில் தனித்தனியே இவ்வியல்பை ஆராய்ந்து நிறுவினர்; 1952இல் நோபல் பரிசு பெற்றனர். அதைக் கொண்டு உருவம் வரையலாம் என்று 1973இல் காட்டியவர் பால் லாட்டர்பர். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கில அறிஞர் அம்முறையை விரைவுபடுத்தினார். இவ்விருவருக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மூளை, முதுகெலும்பு, மூட்டு முதலிய மென்மையான உறுப்புகளை அறுவையின்றிக் காண்பதற்கு இதனினும் சிறந்த கண் இன்று மருத்துவத்துக்கு இல்லை எனலாம்.

இனி வாயிலுள்ள கம்பிக்கு வருவோம். பல்லின் முகப்பில் பசையால் ஒட்டப்பட்ட சிறு துண்டுகள் உள்ளன. கடைவாய்ப் பற்களைச் சூழ்ந்து சில வேளை வளையங்கள் உள்ளன. இவற்றையெல்லாம் இணைத்து வில்லைப் போல வளைந்து ஓடுவது ஒரு நீண்ட கம்பி. அதனைத் துண்டுகளோடு பிணைப்பவை மெல்லிய கட்டுக்கம்பிகளோ சிறு ரப்பர் வளையங்களோ ஆகும். துண்டுகளும் வளையங்களும் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகினால் ஆனவை. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்குகிறோமே, அதே இனம். நீண்ட கம்பி எஃகாக இருக்கலாம். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகமாகவும் இருக்கலாம். பல்லின் நிறத்திலேயே அமையும் பீங்கான் துண்டுகளும் உண்டு. அவற்றுள்ளும் சிலவற்றில் உலோகத் தகடு பதித்திருக்கும்.

எவர்சில்வர் என்றதும் ஒரு சிறு சோதனை நினைவுக்கு வருகிறது. அடுக்களையில் உள்ள பாத்திரங்களின்மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். சிலவற்றில் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. ஒட்டாத பாத்திரத்திலும், அடித்து வளைத்த விளிம்பில் மட்டும் இலேசாக ஒட்டுவதைக் காணலாம். எல்லா எவர்சில்வரும் ஒரே தன்மையுடையதன்று என்பதும், காந்தத்துக்கு இணங்காத எஃகும் இழுத்து நீட்டப்பட்டால் சிறிது இணங்கிவிடும் என்பதும் இதனால் விளங்கும். பல்லிற் கட்டும் எஃகுக் கம்பி இழுத்து நீட்டப்பட்டதே. ஆகையால் அது காந்தத்துக்குச் சிறிதளவேனும் இணங்கும். நிக்கல் டைட்டேனியக் கம்பியோ மிகவும் குறைவாகவே இணங்கும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிதல் இயலாது. எனவேதான் கம்பி போட்ட மருத்துவரின் சொல் இங்கே தேவைப்படுகிறது.

இப்பொழுது நம் மூன்று கேள்விகளையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம்: கம்பியைக் காந்தம் இழுக்குமா? கம்பி சுடுமா? கம்பி படத்தைக் கெடுக்குமா?

முதலாவது, இழுத்தல். எஃகுக் கம்பிகளைக் காந்தத்தின் அருகே வைத்து ஆராய்ந்தவர்கள், சில கம்பிகள் தம் எடையைப் போலப் பல பத்து மடங்கு விசையால் இழுக்கப்படுவதைக் கண்டனர். கேட்டவுடன் அச்சம் தரும் செய்திதான். ஆனால் ஒரு கம்பியின் எடை கால் கிராம் அளவே. ஐம்பது மடங்கு என்றாலும் பன்னிரண்டு, பதின்மூன்று கிராம். ஏறக்குறைய மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. பல்லின்மேல் ஒட்டிய துண்டோ, நாள்தோறும் மெல்லும்பொழுது எழும் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே ஒட்டப்பட்டது. எனவே, உறுதியாக ஒட்டிக் கட்டப்பட்ட கம்பி பிடுங்கிக்கொண்டு வரும் என்று அஞ்சுவதற்குக் காரணம் இல்லை. சிலருக்கு இலேசான இழுப்பு உணர்ச்சி தோன்றலாம், அவ்வளவே. ஆனால் “உறுதியாக” என்ற சொல்லை அழுத்திக் கூறுகிறோம். ஒரு துண்டு கழன்று கம்பியில் ஆடிக்கொண்டிருந்தாலும், கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், கட்டுக்கம்பி அறுந்திருந்தாலும் நிலைமை வேறு. அது அசைந்து கன்னத்தைக் குத்தலாம்; கழன்று தொண்டைக்குள் செல்லலாம். அத்தகைய பழுதை முதலில் சரிசெய்துகொண்டே படத்துக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, சுடுதல். வானொலி அலை பாயும் இடத்தில் உலோகக் கம்பி இருந்தால் அதில் மின்னோட்டம் தோன்றி வெப்பம் உண்டாகக்கூடும். நீண்ட மின்கம்பிகள் உடலைத் தொட்டுக்கொண்டிருந்து தீப்புண் உண்டாக்கியதும் உண்டு. ஆனால் பற்கம்பிகளைப் பற்றிய சோதனைகளில் தோன்றிய வெப்பம் சில பாகைகளுக்குமேல் உயரவில்லை. சூடான காப்பியைக் குடிக்கும் வாய்க்கு அது பொருட்டன்று. எனினும் நோயாளியின் கையில் ஒரு ரப்பர்க் குமிழைக் கொடுப்பார்கள். வாயில் சூடோ இழுப்போ வேறு துன்பமோ தோன்றினால், அதனை அழுத்திய உடனே படம் எடுப்பதை நிறுத்துவர். இதனைக் குழந்தைகளுக்கு அவர்கள் மொழியில் முன்பே விளக்கிச் சொல்லவேண்டும். பேரோசை எழுப்பும் அந்தக் குழாய்க்குள், அயல்மொழிக் கட்டளை விளங்காமல் ஒரு குழந்தை துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு கிடக்கலாகாது.

மூன்றாவது, படம் கெடுதல். இதுவே உண்மையான தொல்லை. முதல் இரண்டையும் எண்ணி அஞ்சுகிறவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள்.

படம் எவ்வாறு கெடுகிறது? உடலின் எந்த இடத்திலிருந்து அலை திரும்பி வந்தது என்பதை அறிவதற்காக, அந்த இயந்திரம் காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றி அமைக்கிறது. அம்மாற்றமே ஒவ்வோர் இடத்துக்கும் முகவரி போன்றது. வீடு விட்டு வேற்றூர் சென்றவர்களுக்கு முகவரியின் அருமை நன்கு தெரியும். தெருப்பெயர்ப் பலகையை ஒருவன் இடம் மாற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு வீட்டுக் கடிதம் மற்றொரு வீட்டுக்குச் செல்லும். சில கடிதங்கள் எங்கும் சேராமற்போகும். வாயிலுள்ள எஃகு இதையே செய்கிறது. தன்னைச் சூழ்ந்த காந்தப் புலத்தை அது கோணலாக்குகிறது. அதனால் அங்கிருந்து வரும் செய்திகள் முகவரி மாறுகின்றன. படத்தில் ஓரிடம் கரும்பள்ளமாகவும், ஓரிடம் வெண்கீற்றாகவும், ஓரிடம் இழுத்து நெளிந்ததாகவும் தோன்றும். துண்டு ஒரு பயறளவே ஆயினும், அதன் நிழல் பல விரற்கடை தூரம் விழும்.

அந்த நிழல் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். முழங்காலுக்கோ இடுப்புக்கோ படம் எடுப்பவருக்கு வாயிலுள்ள கம்பியால் படம் கெடுவதில்லை. கம்பி உறுதியாக உள்ளதெனக் கண்டு, இருப்பதை முன்கூட்டிச் சொன்னால் போதும். நாக்கு, தாடை, தாடை மூட்டு, மூக்கை அடுத்த எலும்பறைகள், கண்குழி, தொண்டை ஆகியவற்றுக்குப் படம் வேண்டுமாயின் எஃகுக் கம்பி பெரும் இடையூறாகும். மூளையோ இரண்டுக்கும் இடைப்பட்டது. பின்பகுதியும் மேற்பகுதியும் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். நெற்றிக்குப் பின்னுள்ள முன்பகுதியும் அடிப்பகுதியும் மங்கலாம். மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதை விரைவில் காட்டும் சில வகைப் படங்களும், நுண்ணிய இரத்தக் கசிவைக் காட்டும் சில வகைப் படங்களும் உலோகத்தால் மற்றவற்றைவிட எளிதில் கெடுவன. பிடரியை ஒட்டிய கழுத்தெலும்புப் படத்தின் மேற்பகுதியும் சிறிது பாதிக்கப்படலாம்.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. படம் எடுப்பவர் தம் முறையை மாற்றிக்கொள்ளலாம். உலோகத்தின் நிழலைக் குறைப்பதற்கென்றே சில முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. 3 டெஸ்லா இயந்திரத்தைவிட 1.5 டெஸ்லா இயந்திரத்தில் நிழல் சிறிதாக விழும். ஆகவே புதியது, பெரியது என்று தேடிச் செல்வது இவ்விஷயத்தில் நன்மையாகாது. போதாதாயின், பல் மருத்துவர் நீண்ட கம்பியை மட்டும் சில நிமிடங்களில் கழற்றிவிடுவார். படம் எடுத்தபின் அதையே திரும்பக் கட்டிவிடலாம். பல்லில் ஒட்டிய துண்டுகளையும் எடுத்தே ஆகவேண்டும் என்பது, பார்க்க வேண்டிய இடம் வாயை மிகவும் அடுத்திருக்கும்பொழுது நேர்வது. அது பெரிய வேலை. செலவும் நாளும் பிடிக்கும். பல்லின் மேற்பூச்சுக்கும் கேடு வரலாம். ஆகையால் எல்லோர்க்கும் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது முறையன்று. ஒன்றையும் விசாரிக்காமல் படம் எடுப்பதும் முறையன்று. எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும், எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்த மருத்துவரும், படத்தைப் படித்து முடிவு சொல்லும் மருத்துவரும், பல் மருத்துவரும் கலந்து பேசி முடிவுசெய்ய வேண்டியது இது.

கலந்து பேசுதல் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். ஒருவர் அடிமாலியிலும் ஒருவர் தேனியிலும் இருந்தால் எப்படிப் பேசுவர்? இங்கேதான் நோயாளியின் குடும்பம் தூது செல்ல வேண்டியிருக்கிறது. பயணத்துக்கு முன்பே பல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளவேண்டும். துண்டுகள் எவ்வகை உலோகம், கம்பி எஃகா நிக்கல் டைட்டேனியமா, எல்லாம் உறுதியாக உள்ளனவா, தாடை எலும்பில் திருகாணி ஏதும் பொருத்தப்பட்டுள்ளதா, கழற்றி மாட்டும் கருவி ஏதும் உண்டா என்பவை அக்கடிதத்தில் இருக்கவேண்டும். படம் எடுக்கும் நிலையத்துக்கு முந்திய நாளே தொலைபேசியில், “வாயில் கம்பி இருக்கிறது, தலைக்குப் படம் எடுக்க வேண்டும், அப்படியே வரலாமா?” என்று கேட்டுவிடவேண்டும். அவர்கள் கழற்றி வரச் சொன்னால், கம்பி போட்ட மருத்துவரிடமே முதலில் சென்றுவிட்டு மலையிறங்கலாம். நாம் முன்பு கண்ட தாயும் மகளும் இதனைச் செய்திருந்தால், இரண்டு நாட்கூலியும் ஒரு வீண் பயணமும் மிஞ்சியிருக்கும்.

கழற்றி மாட்டும் பற்கருவி எதுவாயினும், தெளிவான பிளாஸ்டிக் உறையாயினும், அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிடவேண்டும். காந்தம் பதித்த பற்செட்டு உடையவர் இதில் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டும். வெளியே எடுக்கக்கூடிய பகுதியை எடுத்துவிட்டு, தாடையில் நிலையாகப் பொருத்திய பகுதியைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். வீட்டில் எவரும் குறட்டைத் தொடலாகாது. கம்பியைத் தாமே இழுத்தால் பல்லின் மேற்பூச்சு பெயர்ந்து வரலாம். அது மீண்டும் வளராது.

இன்னொன்றும் கூறவேண்டும். திடீரென வாய் கோணி, கை கால் விழுந்து, பேச்சுக் குழறி ஒருவர் வீழ்ந்தால், பற்கம்பியைப் பற்றிக் கடிதம் வாங்கிக்கொண்டிருக்கும் நேரமன்று அது. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கம்பி இருப்பதைச் சொன்னால் போதும். சி.டி. ஸ்கேன் முதலில் எடுப்பதா, காந்தப் படமே எடுப்பதா என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவுசெய்வார். கம்பிக்காக உயிர் காத்திருக்கலாகாது.

பற்கம்பியைப் பற்றிப் பேசும்பொழுது, அதனினும் பன்மடங்கு கொடியவற்றை மறந்துவிடக்கூடாது. இதயத் துடிப்பை முறைப்படுத்த உடலுக்குள் வைத்த கருவி, மூளை இரத்தக் குழாயில் இட்ட பழைய கவ்வி, செவிக்குள் பொருத்திய கருவி ஆகியவை இருந்தால் முதற்சொல்லாக அதனைச் சொல்லவேண்டும். பட்டறையில் இரும்பைக் கடைந்தவர்க்கும், பற்றவைப்பு வேலை செய்தவர்க்கும் கண்ணுக்குள் இரும்புத் துகள் தங்கியிருக்கக்கூடும். காந்தம் அதனை அசைத்தால் பார்வையே போகலாம். பிழைப்புக்காக வெளிமாநிலத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம்மவர் பலர்க்கு இது பொருந்தும்.

நம் பெண்மணிகள் தாலிச் சரட்டில் ஊக்குகளைக் கோத்து வைப்பது வழக்கம். தாலி பொன், ஊக்கு இரும்பு. காந்தம் ஊக்கை இழுக்கும், பொன்னும் சூடேறக்கூடும். கொண்டை ஊசி, மெட்டி, அரைஞாண், அதில் கோத்த தாயத்து ஆகியவையும் அத்தகையனவே. கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முதல் நாளே மஞ்சள் நூலில் மாற்றிக் கட்டிக்கொண்டு செல்வது, கடைசி நேரத்துக் கலக்கத்தைத் தவிர்க்கும். நோயாளியுடன் செல்பவர்க்கும் இவ்விதிகள் யாவும் பொருந்தும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், உறவினருக்குத் துணையாகச் சென்றவர் பிராணவாயு உருளையோடு அவ்வறைக்குள் நுழைந்தபொழுது, காந்தம் உருளையோடு அவரையும் இழுத்துக்கொண்டு உயிரைக் கவர்ந்தது. நோயாளி அல்லர் அவர், உதவிக்கு வந்தவர். வாயிலுள்ள கால் கிராம் கம்பிக்கும் கையிலுள்ள பெரும் உருளைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால், எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டாம் என்பது தானே விளங்கும்.

இறுதியாக ஒரு சொல். அந்த அறைக்குள் செல்லுமுன் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்பார்கள். உடலில் உலோகம் உண்டா என்னும் வினாக்கள் அதில் இருக்கும். தாள் ஆங்கிலத்தில் இருக்கலாம். அவ்வூர் மொழியில் இருக்கலாம். படிக்கத் தெரியாததற்கு நாணி, எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று குறித்துவிடுவோர் உண்டு. அயலூரில் வாழ்வோர்க்கு இந்த நாணம் சற்று மிகுதி. அதனை விட்டொழிக்கவேண்டிய இடம் இது. “எனக்கு விளங்கவில்லை, படித்துச் சொல்லுங்கள்” என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டவனைக் காந்தம் ஒன்றும் செய்யாது. கேளாதவனுக்கே அது ஆபத்து.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு நற்பேறும் உண்டு. பல்லில் இருப்பதைத் தமிழர் கம்பி என்கின்றனர். மலையாளிகளும் கம்பி என்றே கூறுகின்றனர். இயந்திரத்தில் இருப்பது தமிழில் காந்தம், மலையாளத்திலும் காந்தமே. வாளையாற்றுக்கு இப்புறமும் அப்புறமும், போடிமெட்டுக்கு மேலும் கீழும், இவ்விரண்டு சொற்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை. வாய் திறந்து அச்சொல்லைச் சொல்லவேண்டியது ஒன்றே நம் பொறுப்பு. சொல்லிவிட்டால், கம்பி கட்டிய புன்னகையோடு உள்ளே சென்ற பெண், அதே புன்னகையோடு வெளியே வருவாள். அவள் தலைவலியின் காரணமும் படத்தில் மறைப்பின்றித் தேடப்படும்.